சிறை கண்ட விண்வெளி விஞ்ஞானி

சென்ற பருவத்தில் ஒரு மாலை, எங்கள் இயற்பியல் மன்றக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். பாலஸ்தீனத்தின் அல்-குத்ஸ் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பிளாஸ்மா இயற்பியல் கற்பிக்கும் இமாத் பர்கூதி என்ற பேராசிரியரைப் பற்றியது அது. அவர் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். நாசாவிலும் சிறிது காலம் பணியாற்றியவர். பூமியின் துருவ மண்டலத்திலிருந்து அயனிகள் எப்படி விண்வெளிக்குத் தப்பிச் செல்கின்றன என்று கணக்கிடுவது அவர் தொழில். 2014 டிசம்பரில், வானியல் மாநாடு ஒன்றில் கலந்துகொள்ளப் புறப்பட்ட வழியில் இஸ்ரேலிய அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். 2016-இலும் 2020-இலும் மீண்டும் கைது. குற்றச்சாட்டு ஏதும் சொல்லாமலே காவலில் வைக்க அங்கே ஒரு சட்டம் இருக்கிறதாம். தம் மக்களுக்காகப் பேசியதும் எழுதியதுமே அவர் செய்த பிழை என்று பல நாட்டு விஞ்ஞானிகள் விடுதலை கோரிக் கையெழுத்திட்டார்கள்.

வாசித்து முடித்ததும் சற்று நேரம் அமைதி. பின் வரிசையிலிருந்து ஒருவர், "நல்ல வேளை, நம் நாட்டில் விஞ்ஞானியைப் பிடித்துச் சிறையில் போடுவதில்லை" என்றார். எங்கள் விரிவுரையாளர் புன்னகைத்தார். "தம்பி, அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாகர்கோவில் வரை போனால் போதும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனதன் விளைவே இக்கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்கூதி தம் கருத்துக்காகச் சிறை சென்றவர். நம் கதையின் நாயகர் நம்பி நாராயணனோ எந்தக் கருத்தையும் மேடையேறிச் சொன்னவரல்லர். இராக்கெட் எஞ்சினைத் தவிர வேறு பேச்சு அறியாதவர். சிறைதான் அவரைப் போராளியாக்கியது. ஆகவே இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என் நோக்கமன்று.

நம்பி நாராயணன் 1941 டிசம்பர் 12-ஆம் நாள் நாகர்கோவிலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தார். 1966-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் வேலைக்குச் சேர்ந்தார். தும்பா என்றதும் இன்றைய மாட மாளிகைகளை நினைக்க வேண்டாம். மீனவர் கிராமத்து மாதா கோயிலும் அதையொட்டிய ஆயர் இல்லமுமே அன்று விண்வெளி நிலையம். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து மேலே போன முதல் இராக்கெட்டும் அமெரிக்கா தந்தது. அங்கே விக்ரம் சாராபாய் என்ற பெருமகனார் இளைஞர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். மேல்படிப்புக்கு விடுப்புக் கேட்ட நம்பியிடம், அமெரிக்காவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இடம் கிடைத்தால் அனுப்புகிறேன் என்று அவர் சொன்னாராம். பிரின்ஸ்டனில் இடம் கிடைத்தது. 1969-இல் போனவர், இரசாயன இராக்கெட் உந்துவியலில் லூயிஜி குரோக்கோ என்ற பேரறிஞரிடம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். நாசாவில் வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் ஊர் திரும்பிவிட்டார்.

திரும்பி வந்த இடத்தில் ஒரு கருத்து வேற்றுமை காத்திருந்தது. அந்நாளில் நம் நாட்டு முயற்சி முழுவதும் திட எரிபொருளைச் சுற்றியே நடந்தது. 1980 ஜூலை 18-இல் ரோகிணியை ஏற்றிச் சென்ற எஸ்.எல்.வி.-3 நான்கு நிலைகளும் திட எரிபொருளால் ஆனது. திட எரிபொருள் எளியது. நம் ஊர்த் திருவிழா வாணத்தின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். பற்றவைத்தால் எரியும், எரிந்து முடியும்வரை நிறுத்த முடியாது. சிறு சுமைக்கு அது போதும். டன் கணக்கில் எடையுள்ள துணைக்கோளைக் குறித்த பாதையில் குறித்த வேகத்தில் வைக்க வேண்டுமானால், திரவ எரிபொருள் வேண்டும் என்பது நம்பியின் வாதம்.

திரவ எஞ்சின் என்றால் என்ன என்பதைக் கோவைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. அதன் இருதயம் ஒரு பம்பு. நம் கிணற்று மோட்டாருக்கு மின்சாரம்; இராக்கெட் பம்புக்கு, அதே எரிபொருளில் ஒரு சிறு பங்கைத் தனியே எரித்து வரும் வாயு. அந்த வாயு ஒரு டர்பைனைச் சுற்ற, டர்பைன் பம்பின் இம்பெல்லரைச் சுற்றுகிறது. தோட்டத்து மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுச் சுற்றும். இங்கே 10,000 சுற்று. எஞ்சின் அறைக்குள்ளே இருக்கும் பேரழுத்தத்தை எதிர்த்து எரிபொருளைத் திணிக்க வேண்டுமல்லவா? ஒரு பக்கத் தொட்டியில் ஹைட்ரசீன் வகைத் திரவம். மறு பக்கத் தொட்டியில் நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் தொட்ட மாத்திரத்தில் தாமே தீப்பற்றும், தீக்குச்சி தேவையில்லை. இரண்டும் கொடிய நஞ்சு. பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 40 டன் திரவம் இரண்டரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. நொடிக்குக் கால் டன்னுக்கு மேல்! நம் எட்டு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி எதுவும் இந்தக் கணக்குக்கு ஈடு சொல்லாது.

இதை நாமே முதலிலிருந்து கற்றால் எத்தனை ஆண்டு ஆகும் என்று யோசித்த காலத்தில் பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்று 'வைக்கிங்' என்ற திரவ எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1974-இல் அந்நிறுவனத்தோடு இஸ்ரோ செய்துகொண்ட ஒப்பந்தம் வினோதமானது. பணம் கொடுத்து வாங்க நம்மிடம் பணம் இல்லை. உழைப்பைக் கொடுத்தோம். இந்தியப் பொறியாளர்கள் நூறு மனித ஆண்டு வேலையை அவர்களுக்காகச் செய்வது. கைம்மாறாக அவர்கள் எஞ்சின் நுட்பத்தைத் தருவது. பண்டமாற்று என்று நம் பாட்டன்மார் சந்தையில் செய்தது இதுதான். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்பி நாராயணன்.

அவர்கள் அங்கே வேலை செய்துகொண்டே கற்றார்கள். வரைபடம் எப்படி வந்தது என்பது மட்டுமன்று, ஏன் அப்படி வந்தது என்பதையும் கற்றார்கள். திரும்பி வந்து இங்கே உலோகம் தேடி, பட்டறை தேடிச் செய்த எஞ்சினை 1985-இல் பிரான்சின் வெர்னோன் நகரத்துச் சோதனை மேடைக்கே கொண்டுபோய் இயக்கிக் காட்டினார்கள். அது 'விகாஸ்' என்று பெயர் பெற்றது. வளர்ச்சி என்பது பொருள். விக்ரம் அம்பாலால் சாராபாய் என்ற பெயரின் எழுத்துக்களும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன என்பர். அவர் 1971 டிசம்பர் 30-இல், இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே, கோவளத்தில் காலமாகிவிட்டார்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்து, நம் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பூ.சா.கோ. கல்லூரியிலும் படித்த மயில்சாமி அண்ணாதுரை அவர்கள் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22-இல் நிலவை நோக்கிப் புறப்பட்டது. அதைச் சுமந்த பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் நிலையில் எரிந்தது விகாஸ் எஞ்சின். கொங்கு மண்ணின் கலத்தை நாஞ்சில் நாட்டு எஞ்சின் தூக்கிவிட்டது. 2013-இல் செவ்வாய்க்குச் சென்ற மங்கள்யானும் அப்படியே.

பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் 1993 செப்டம்பர் 20-இல் தோல்வியுற்றது. இரண்டாவது, 1994 அக்டோபர் 15-இல், வெற்றி. திரவ நிலைத் திட்டங்களின் பொறுப்பில் இருந்த நம்பிக்கு அப்போது வயது 52. வெற்றிக் களிப்பு அடங்குமுன், ஐந்தே நாளில், அதாவது அக்டோபர் 20-இல், திருவனந்தபுரத்தில் மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண்மணியைக் கேரளக் காவல் துறை கைது செய்தது. அனுமதிக் காலம் தாண்டித் தங்கினார் என்பது முதற் குற்றச்சாட்டு. சில வாரங்களில் அது ஒற்று வழக்காக உருவெடுத்தது. அவருடைய தோழி ஃபௌசியா ஹசன், இஸ்ரோவின் சசிகுமாரன், பெங்களூரைச் சேர்ந்த சந்திரசேகர் முதலியோர் வரிசையாகப் பிடிபட்டனர். நவம்பர் 30-இல் நம்பி நாராயணன் கைதானார். இராக்கெட் இரகசியங்களை, முக்கியமாகக் கிரையோஜெனிக் எஞ்சின் வரைபடங்களை, அயல்நாட்டுக்கு விற்றார்கள் என்பது வழக்கு. அரசு இரகசியச் சட்டம் என்ற 1923-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டம் அவர்கள் மேல் பாய்ந்தது.

கிரையோஜெனிக் என்றால் கடுங்குளிர் நுட்பம். ஆக்சிஜனைக் கழி 183 பாகையிலும் ஹைட்ரஜனைக் கழி 253 பாகையிலும் திரவமாக்கித் தொட்டியில் நிரப்பி, ஒரு பக்கம் அந்தக் குளிரும் மறு பக்கம் மூவாயிரம் பாகைக்கு எட்டும் நெருப்பும் ஒரு முழ இடைவெளியில் இருக்கும்படி எஞ்சின் செய்வது. கனத்த செய்தித்தொடர்புத் துணைக்கோள்களை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப இது வேண்டும். 1991-இல் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தோம். எஞ்சினும் தருவார்கள், செய்முறையும் தருவார்கள் என்பது பேச்சு. அமெரிக்கா சினந்தது. 1992 மே மாதம் இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை விதித்தது. சோவியத் நாடும் உடைந்து போயிருந்தது. 1993-இல் இரஷ்யா வளைந்துகொடுத்தது. எஞ்சின் மட்டும் தருவோம், செய்முறை இல்லை என்றாகிவிட்டது. அந்தக் கிரையோஜெனிக் திட்டத்தின் இயக்குநரும் நம்பிதான்.

இப்போது வாசகரே யோசிக்கலாம். 1994-இல் இந்தியாவிடம் கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பம் கிடையாது. நமக்கு அது கைகூடியது 2014 ஜனவரி 5-இல், ஜி.எஸ்.எல்.வி.-டி5 பறந்த போது. இல்லாத பொருளை எப்படி விற்பது? இது முதற் கேள்வி. இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. என் பெரியப்பா கேட்டார். அவர் கணபதியில் வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவர். பம்புக் கூடு வார்ப்பது அவர் தொழில். இந்தக் கட்டுரைக்காகப் படித்ததை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வரைபடத்தை விற்றார்கள் என்று வழக்கு என்றதும் அவர் சிரித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, படத்தைப் பார்த்துப் போட்டு பம்பு வார்த்துப் போடலாம்னா, நாங்க முப்பது வருசமா எதுக்குங் கண்ணு கையச் சுட்டுக்கிட்டு நிக்கறோம்? மண்ணுல ஈரம் எவ்வளவு, இரும்பு எப்போ ஊத்தோணும், அது எந்தப் படத்துல எழுதியிருக்குது?"

பெரிய பெரிய புத்தகங்கள் சொன்ன வாதத்தை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். பிரெஞ்சுக்காரர் வரைபடம் முழுவதையும் முறைப்படி கொடுத்த பின்பும், கூடவே நம் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே அமர்ந்து கற்ற பின்பும், விகாஸ் எஞ்சின் மேடையேற 1985 ஆயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், நான்கு காகிதத்தை ஒரு கைப்பையில் போட்டு அயல்நாட்டுக்கு எஞ்சினைக் கடத்திவிட்டார்கள் என்ற கதை நிற்கவில்லை. ஆனால் 1994-இன் கடைசியில் அந்தக் கதை நின்றது. நின்றது மட்டுமன்று, ஓடியது. பத்திரிகைகள் அதை ஓடவிட்டன. மாலத்தீவுப் பெண்கள், பணப் பெட்டி, விடுதி அறை என்று தினமும் ஓர் அத்தியாயம் வந்ததாம். எங்கள் விரிவுரையாளர் அப்போது இதே கோவையில் மாணவர். "டீக்கடை பெஞ்சில் நாங்களும் அதைத்தான் படித்தோம், நாங்களும் நம்பினோம். பொய்யென்று தெரிந்த செய்தி வந்தபோது அது எத்தனையாம் பக்கத்தில் வந்தது என்று எனக்கு நினைவில்லை" என்று அவர் சொன்னது என் மனத்தில் தைத்தது.

காவலில் நடந்ததை நம்பி பின்னர் எழுதியுள்ளார். உட்கார விடாமல் மணிக்கணக்கில் நிற்கவைத்துக் கேட்டார்கள், அடித்தார்கள், மேலதிகாரிகள் பெயரைச் சொல்லுமாறு வற்புறுத்தினார்கள் என்கிறார். அவர் சொல்லவில்லை. அவர் மொத்தம் 50 நாட்கள் காவலிலும் சிறையிலும் இருந்தார். வெளியே குடும்பம் பட்டது வேறு கணக்கு. அண்டை அயலார் முகம் திருப்பினார்கள். துரோகியின் வீடு என்று கூச்சலிட்டவர்கள் உண்டு.

டிசம்பரில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போயிற்று. அத்துறை துருவித் துருவிப் பார்த்தது. 1996-இல் எர்ணாகுளம் நீதிமன்றத்தில் அறிக்கை வைத்தது. ஒற்று வேலை நடந்ததற்கு ஆதாரம் இல்லை, குற்றச்சாட்டு பொய் என்பதே முடிவு. நீதிமன்றம் அதை ஏற்று அனைவரையும் விடுவித்தது. இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேரள அரசு மறு விசாரணைக்கு ஆணையிட்டது. உயர்நீதிமன்றமும் அதற்கு இடம் கொடுத்தது. 1998 ஏப்ரல் 29-இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை இரத்து செய்து, வழக்குச் செலவாக ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இடையில், 1995 மார்ச்சில், இந்த வழக்கின் புழுதியிலேயே கேரள முதலமைச்சர் கருணாகரன் பதவி இழந்தார். ஓர் அரசியல் சண்டைக்கு விஞ்ஞானிகள் விறகானார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்க உளவுத்துறையின் கை இதில் இருக்கலாம் என்பது நம்பியின் சந்தேகம். கிரையோஜெனிக் தடையோடு சேர்த்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் எழுவது இயல்பே. ஆயினும் அதற்குச் சான்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. சான்றில்லாமல் ஒருவரைக் குற்றம் சாட்டுவதன் விளைவைச் சொல்லும் கட்டுரையில், சான்றில்லாத ஒன்றை நானும் எழுதிவிடக் கூடாது.

பர்கூதிக்காக உலக விஞ்ஞானிகள் கையெழுத்திட்டதை முதலில் சொன்னேன். இங்கே அப்படி யாரும் இல்லையா? இருந்தார்கள். சற்றுத் தாமதமாக வந்தார்கள். இஸ்ரோவின் முன்னாள் தலைவர்களான சதீஷ் தவன், யு.ஆர்.ராவ், விண்கதிர் ஆய்வாளர் யஷ்பால், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் முதலியோர் 1996 இறுதியில், இது புனையப்பட்ட வழக்கு என்று கூட்டாக எழுதினார்கள். ராஜசேகரன் நாயர் என்ற பத்திரிகையாளர் தம் இனத்தாரின் போக்குக்கு எதிராகவே நின்று ஒரு நூல் எழுதினார். கைது நடந்த நவம்பரில் இந்தக் குரல்கள் எழுந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அன்று இஸ்ரோ அமைப்பும் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தது. அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர்களின் இக்கட்டு அது, புரிகிறது. ஆனாலும் வலிக்கிறது.

விடுதலையான நம்பி மீண்டும் இஸ்ரோவுக்குத் திரும்பினார். எஞ்சின் பக்கம் அல்ல, மேசை வேலை. 2001-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் பேரப்பிள்ளைகளோடு நாளைக் கழித்திருக்கலாம். அவரோ ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: வழக்கு பொய் என்றால், பொய் வழக்கு போட்டவர்களுக்கு என்ன தண்டனை? இந்தக் கேள்விதான் அவரைப் போராளியாக்கியது. 2001-இல் தேசிய மனித உரிமை ஆணையம் பத்து இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அரசு அதையும் எதிர்த்து நீதிமன்றம் ஏறியது. 2012-இல்தான் உயர்நீதிமன்றம் கொடுக்கச் சொல்லித் தீர்த்தது. காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று அரசு 2011-இல் முடிவெடுத்தது. அதை எதிர்த்தார். 2014-இல் ஒரு நீதிபதி அவர் பக்கம்; 2015-இல் இரு நீதிபதிகள் அரசின் பக்கம். மீண்டும் டில்லிக்கு.

2018 செப்டம்பர் 14. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஆயம் தீர்ப்பு வழங்கியது. கைது தேவையற்றது, அவர் பட்ட துன்பம் அளவிடற்கரியது என்ற கருத்தோடு, ஐம்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே.ஜெயின் தலைமையில் குழுவும் அமைத்தது. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 24 ஆண்டு. அடுத்த ஆண்டு பத்மபூஷண் விருது வந்தது. 2020-இல் கேரள அரசு மேலும் 1.3 கோடி ரூபாய் கொடுத்து அவருடைய உரிமையியல் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஜெயின் குழு அறிக்கையை வைத்து 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு விசாரணை ஆணையிட, 2024-இல் முன்னாள் அதிகாரிகள் ஐவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர்கள் குற்றவாளிகளா அல்லரா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு 1994-இல் செய்த தவறு போதும்.

மாதவன் நடித்து இயக்கிய 'ராக்கெட்ரி' திரைப்படம் 2022-இல் வந்து தேசிய விருதும் பெற்றது. நம்மில் பலருக்கு நம்பி நாராயணன் அறிமுகமானது அதன் வழியாகத்தான். அந்தப் படத்தைப் பார்த்து விட்டு வந்த நண்பர்கள் நம்பியைப் பற்றிப் பேசினார்கள். மற்றவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. மரியம் ரஷீதாவும் ஃபௌசியா ஹசனும் மூன்று ஆண்டுக்கு மேல் நம் நாட்டுச் சிறைகளில் இருந்தார்கள். வேற்று நாட்டவர்; பெண்கள்; ஆங்கிலத்தில் நூல் எழுதவும் வழக்கறிஞர் வைத்துக் கால் நூற்றாண்டு வழக்காடவும் வசதியில்லாதவர்கள். இவர்களுடைய நடத்தையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதை இன்றும் யாரும் திரும்பப் பெறவில்லை. ஃபௌசியா ஹசன் 2022-இல் இலங்கையில் காலமானார். சந்திரசேகர் 2018 செப்டம்பரில், உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே வாரத்தில் காலமானார். வழக்கில் சிக்கிய மற்றொரு பெங்களூர்க்காரரான சர்மா அதே ஆண்டு நவம்பரில் போய்விட்டார். ஐம்பது இலட்சத்தின் கதையைச் சொல்லும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அன்றைய மன்றக் கூட்டத்தில் பின் வரிசையிலிருந்து பேசிய நண்பரிடம் இந்தக் கட்டுரையின் முதல் படியைக் காட்டினேன். படித்துவிட்டு, "இப்படி ஒரு செய்தி நாளைக் காலையில் வந்தால், நாம் நம்புவோமா, மாட்டோமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் கைப்பேசியில் பத்துச் செய்தியைப் பார்த்துப் பதினைந்து பேருக்கு அனுப்புகிறவர்கள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 புறப்பட்டதை எங்கள் துறையில் திரை கட்டிப் பார்த்தோம். எல்.வி.எம்.-3 ஏவூர்தியின் பக்கத்துத் திட மோட்டார்கள் எரிந்துகொண்டிருக்கும் போதே நடுநிலை பற்றிக்கொள்ளும். அதில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். பற்றியது என்று அறிவிப்பாளர் சொன்னபோது கைதட்டினோம். அந்த எஞ்சின்களைச் சோதிக்கும் மேடை மகேந்திரகிரியில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் காவல்கிணறு விலக்கில் வலப்பக்கம் பார்த்தால் அந்த மலை தெரியும். நம்பி நாராயணனின் ஊர் அங்கிருந்து அரை மணிப் பயணம். இந்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவை அந்த வழியாக வைக்குமாறு துறைத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.